இடது கை

ஒன்பது கொல்லம் காத்திருந்தேன்.
முதல் கொல்லம் லைசென்ஸ் கிடைக்கவில்லை.
அடுத்த கொல்லம் லைசென்ஸ் உண்டு, தோக்கு இல்லை.
பிறகு பிரிஜித்தாவுக்குப் பேறுகாலம், மறுபடியும் பேறுகாலம்.
பிறகொரு ஆடியில் எங்கள் தெருவின் வள்ளம் திரும்பி வரவில்லை,
அந்தக் கொல்லம் யாரும் எங்கும் போகவில்லை.

கடைசியில் எஸ்டேட் மானேஜர் தோக்கு தந்தார்,
வாரத்துக்கொரு நெய்மீன் வீதம்
ஆறு மாதம் வாங்கித் தின்றுவிட்டு.

குளச்சல் ஏலக்கரையில் என் தொண்டை பெரிசு.
பத்தே, பத்தே கால், பத்தரை என்று நான் கூவினால்
மண்டைக்காட்டில் காக்கை பறக்கும் என்பார்கள்.
பேச்சிப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
மல்லன் காணி சொன்ன முதல் பேச்சு:
"இனி ஒச்சை வேண்டாம்."
இரண்டாவது, மூக்கைச் சுளித்துக்கொண்டு:
"நாலு மலைக்கு அப்புறம் நிக்கிற மிளாவுக்கும்
இப்பம் தெரியும், சாளை வந்திருக்குண்ணு."

குளித்தேன்.
கோதையாற்றுத் தண்ணீர் பல்லைக் கிட்ட வைத்தது.
தெரளி இலையைக் கசக்கித் தேய்த்தான்,
சேறு அப்பினான், பச்சை விறகுப் புகையில் நிறுத்தினான்.
மோந்து பார்த்துத் தலையாட்டினான்.
தோலில் இல்லையாம். அதற்கும் உள்ளேயாம்.
என்னைவிடப் பத்து வயசு இளையவன்,
நாளுக்கு ஐந்து ரூபாய், ஒரு பொதி புகையிலை.

ஈற்றைக் காடு. அட்டை. மழை.
பாறையிடுக்கில் ஒதுங்கி
ஆறிப்போன கிழங்கும் கருவாடும் தின்றோம்.
ஒரு முகட்டில் மேகம் விலகியபோது
கடல் தெரிந்தது, யாரோ விட்டுப்போன நூல் மாதிரி.
அங்கே இப்போது என் இடத்தில் நின்று
எவன் கூவுகிறானோ, எவ்வளவுக்கு விடுகிறானோ.

ஓடைச் சேற்றில் பிளந்த குளம்புத் தடம்.
விரல் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் ஊறி வந்தது.
"கொம்பன். ராத்திரி போயிருக்கு."
கடலிலும் இப்படித்தான்.
எல்லாம் நேற்று இங்கே நின்றது.

இரண்டாம் இரவு பரண்மேல்.
நனைந்த சட்டையைத் தாழ்ந்த கொம்பொன்றில் போட்டுவிட்டு
துண்டைப் போர்த்தி உட்கார்ந்தேன்.
நிலா மரத்துக்கு மேல் வரும்வரை முழித்திருந்தேன்.
மாதா சத்தியமாக.
பிறகு வெளிச்சம்,
தாடையில் எச்சில்,
மடியில் தோக்கு, பால்குடித்த பிள்ளை மாதிரி.

மல்லன் கீழே குத்தவைத்துப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.
"வந்துது."
"எப்பம்?"
"நீங்க குறட்டை விட்டப்பம்."
"எழுப்பப்பிடாதா டே?"
"எழுப்புனேன்."

முகம் பார்த்து விலை சொல்கிறவன் நான்.
அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தேன்.
ஒரு காசுக்கும் பிடி கிடைக்கவில்லை.

கொம்பில் சட்டை தொங்கியது, இடது கை இல்லாமல்.
முதுகெல்லாம் கொழகொழவென்று எச்சில்,
அரைத்த புல்லின் மணம்.
உப்புக்கு வந்ததாம்.
உப்புக்காக மலை மலையாக அலையுமாம் அது.
இருபது கொல்லம் ஏலக்கரையில் என்னில் ஏறிய உப்பு,
ஆறும் தெரளியும் புகையும் தோற்ற உப்பு,
அதை முதலில் நக்கி, பிறகு மென்று,
அவசரமே இல்லாமல் தின்றிருக்கிறது,
பத்தடி மேலே குண்டு நிறைத்த தோக்கு இருக்க.
"காலர் அதுக்குப் பிடிக்கல்ல," என்றான் மல்லன்.

கூலி கொடுத்தேன். புகையிலை கொடுத்தேன்.
மிஞ்சிய கருவாட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.
மாற்றுச் சட்டை இல்லை.
குலசேகரம் வரைக்கும் கண்டக்டர்
என் வெறும் தோளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் பிரிஜித்தா மசாலா அரைத்து வைத்திருந்தாள்.
நல்லமிளகு கூடுதல், காட்டிறைச்சிக்கு உள்ளது.
ஏழு வீட்டுக்குப் பங்கு சொல்லியிருந்தாள்.
பையைத் திறந்தாள், மூடினாள்,
என் தோளைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி அந்த மசாலாவில் சாளை கொதித்தது.
உப்பு சற்றுத் தூக்கல்.
இன்னும் கொஞ்சம் கேட்டேன்.